தசைக்குள் ஒரு தாங்கல் கரைசலைக் கண்டவர்: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

காரைக்காலில் 1980களில் குடும்பம் நடத்திய பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். மருந்து கலந்த உப்பு வழங்கப்பட்ட காலம் சிலருக்கேனும் நினைவிருக்கும். கொசுக்கடியால் பரவும் யானைக்கால் நோயை ஒழிப்பதற்காக, டைஎதில்கார்பமசின் என்னும் மருந்தைச் சமையல் உப்பில் மிகச் சிறிய அளவில் கலந்து நம் பகுதி மக்களுக்கு வழங்கினார்கள். இரத்தத்தில் அந்நோயின் நுண்புழுக்களைச் சுமந்தவர்களின் தொகை அதனால் பெரிதும் குறைந்தது. காரைக்காலின் அனுபவம் மருத்துவ ஏடுகளிலும் இடம்பெற்றது.

அந்த மருந்து 1947ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. அப்போது அங்கே ஆராய்ச்சி இயக்குநராக இருந்தவர் வெள்ளைக்காரர் அல்லர். சென்னைத் திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்த ஓர் ஆந்திரர். டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர். அவர் தந்த மருந்துகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். மேல்நிலை வகுப்பு மாணவிகள் கண்டு அஞ்சும் தாங்கல் கரைசல் என்ற பாடத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பையோ அதிகம் பேர் எழுதுவதில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த்துறை ஊழியர்; நோயினால் வேலையை விட நேர்ந்தது. ஏழு குழந்தைகள் கொண்ட குடும்பத்தில் வறுமை புகுந்தது. பதின்மூன்று வயதில் சிறுவன் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடினான். காசிக்குப் போகும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பெரும்பணம் சேரும் என்பது அவன் கணக்கு. வழியிலேயே பிடித்து அழைத்து வந்துவிட்டார்கள். தாய் வெங்கம்மா கண்டிப்பானவர். மகன் படித்தே தீரவேண்டும் என்று தம் நகைகளை விற்றார். அந்த மகனோ மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றான். மூன்றாம் முறைதான் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினான். ஒருமுறை மதிப்பெண் குறைந்ததற்கே கண்ணைக் கசக்கும் நம் மாணவிகள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். பெற்றோரும் கவனிக்கலாம்.

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது இராமகிருஷ்ண மடத்தின்பால் அவர் மனம் சென்றது. துறவியாகிவிட விரும்பினார். தாய் இணங்கவில்லை. தாயின் சம்மதமின்றித் துறவு கூடாது என்று மடத்திலும் கருதினார்கள். மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டு செய்யும்படி அறிவுரை கிடைத்தது. துறவறத்தின் கதவு மூடியதால்தான் மருத்துவக் கல்லூரியின் கதவு திறந்தது. இவ்விடத்தில் இறைவனின் திட்டத்தை நினைக்காதிருக்க முடியவில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இன்னொரு சோதனை வந்தது. காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைக் கூடத்துக்கும் கதர் அங்கி அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்திருந்தும் சுப்பாராவுக்கு முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணிக்கான வழி அடைபட்டது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

இதற்கிடையே அக்குடும்பத்தில் பேரிடி விழுந்தது. உடன்பிறந்தோர் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்தனர். நோயின் பெயர் ஸ்ப்ரூ. குடல் உணவை உறிஞ்ச மறுக்கும், ஓயாத வயிற்றுப்போக்கு, இரத்தம் சோகை பிடித்து உடல் உருகிப்போகும். காரணம் இன்னதென்று அந்நாளில் எவருக்கும் தெரியாது. சுப்பாராவும் அந்நோயில் விழுந்து, ஆயுர்வேத மருத்துவரான டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் எழுந்தார். இதன் மர்மத்தை அறிய வேண்டும் என்ற வேட்கை அவரை அமெரிக்காவுக்குத் துரத்தியது. மாமனார் பண உதவி செய்தார். 1922ஆம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார். 1919இல் மணந்த இளம் மனைவி சேஷகிரி ஊரிலேயே தங்கினார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயில இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. மருத்துவராகப் பட்டம் பெற்றவர், வயிற்றுப்பாட்டுக்காக ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் இரவு வேலை பார்த்தார். படிப்பு முடிந்ததும் அதே பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில், சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியரிடம் சேர்ந்தார். அங்கேதான் நம் பாடம் தொடங்குகிறது.

ஒரு லிட்டர் தூய நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பி.எச். 7. அதில் ஒரு மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரே ஒரு மில்லிலிட்டரை விடுங்கள். பி.எச். 3க்கு இறங்கிவிடும். அதாவது ஹைட்ரஜன் அயனிகள் பதினாயிரம் மடங்கு பெருகிவிட்டன. இப்போது வேறொரு லிட்டர் நீரில் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் ஆகிய இரு உப்புகளையும் வகைக்கு 0.05 மோல் கரையுங்கள். இதன் பி.எச். ஏறக்குறைய 6.8. அதே ஒரு மில்லிலிட்டர் அமிலத்தை இதில் விட்டால் பி.எச். 6.78 ஆகும், அவ்வளவுதான். வந்த ஹைட்ரஜன் அயனிகளை இரண்டாவது உப்பு வாங்கிக்கொண்டு முதல் உப்பாக மாறிவிடுகிறது. இரயில் பெட்டிகளின் முனையில் மோதலைத் தாங்கும் இடிதாங்கிகளை நினைத்துக்கொண்டால், தாங்கல் என்ற பெயரின் பொருத்தம் விளங்கும்.

இக்கரைசலை ஆக்குவதில் மந்திரம் ஒன்றுமில்லை. எந்தப் பி.எச். வேண்டுமோ அதற்கு அருகில் பி.கே. மதிப்புள்ள ஒரு வலுக்குறைந்த அமிலத்தைத் தேர வேண்டும். பி.கே. என்பது அந்த அமிலம் சரிபாதி தன் ஹைட்ரஜனை இழந்து நிற்கும் பி.எச். அளவு. அசெட்டிக் அமிலத்துக்கு அது சுமார் 4.7, ஆகவே 7க்கு அது உதவாது. பாஸ்பேட்டுக்கு 6.8, ஆகவே நம் உடலின் உள்ளே நிலவும் அளவுக்கு அது பொருந்துகிறது. அமிலத்துக்கும் அதன் உப்புக்கும் உள்ள விகிதத்தைச் சிறிது மாற்றி, வேண்டிய எண்ணுக்குக் கொண்டுவரலாம். எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பது கரைத்த உப்பின் அளவைப் பொறுத்தது. சூத்திரத்தை நெட்டுருப் போடுமுன் இவ்வளவையும் மனத்தில் வாங்கிக்கொண்ட மாணவிக்குச் சூத்திரம் தானே வரும்.

இவ்வறிவு வளர்ந்த வரலாற்றில் நம் கடற்கரைக்கு ஓர் உறவு உண்டு. காரைக்காலை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நமக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை வைத்திருந்தவர்கள் டேனிஷ்காரர்கள். பாஸ்பேட்டுகளுக்கு இந்தத் தாங்கும் குணம் உண்டு என்பதை 1900இல் சுட்டிக்காட்டியவர்கள் ஃபெர்ன்பாக், ஹூபெர் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள். 1909இல் பி.எச். என்ற அளவை உலகுக்குத் தந்து, தாங்கல் கரைசல்களை வரிசைப்படுத்தியவர் டென்மார்க்கின் சோரன்சன். அவருடைய ஆய்வுகளில் மனைவி மார்கரெத்தேவும் உடனுழைத்தார். இவ்விருவர்க்கும் நடுவே, 1908இல் இரத்தம் எவ்வாறு தன் அமிலத்தன்மையைக் காத்துக்கொள்கிறது என்பதற்குக் கணக்குக் கண்டவர் ஹென்டர்சன். அவர் ஹார்வர்டைச் சேர்ந்தவர். சுப்பாராவ் போய்ச் சேர்ந்த ஊர் அவ்வாறான ஊர்.

ஃபிஸ்க் அவருக்குக் கொடுத்த வேலை வெளிப்பார்வைக்குச் சிறியது. இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறது என்று விரைவாகவும் பிழையின்றியும் அளக்க ஒரு வழி வேண்டும். அமிலக் கரைசலில் பாஸ்பேட்டுடன் மாலிப்டேட்டைச் சேர்த்து, ஒடுக்கி ஒன்றைக் கலந்தால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பேட் அவ்வளவு. ஆனால் முந்திய முறைகளில் நிறம் வர நேரம் பிடித்தது. பிற பொருள்கள் குறுக்கிட்டன. அமிலம் குறைந்தால் பாஸ்பேட் இல்லாமலேயே நீலம் வந்து ஏமாற்றும். கூடினால் வரவேண்டிய நீலமும் வராது. பல பொருள்களைச் சோதித்துப் பார்த்து, அமினோநாப்தால் சல்போனிக் அமிலம் என்னும் ஒடுக்கியைத் தேர்ந்தனர். அமிலத்தின் அளவையும் திட்டம் செய்தனர். சில நிமிடங்களில் தெளிவான நீலம் வந்தது. 1925இல் வெளியான ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை உலகெங்கும் மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பரவியது. அறிவியல் உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

அடுத்து அம்முறையைக் கொண்டு தசையைச் சோதித்தனர். ஒரு விந்தை தோன்றியது. தசைச் சாற்றில் நீல நிறம் வழக்கம்போல் வரவில்லை. முதலில் வெளிறித் தோன்றி, நேரம் செல்லச் செல்ல அடர்ந்தது. வேறொருவராயின் மருந்து கெட்டுவிட்டது என்று கருதிக் கொட்டிவிட்டிருப்பார். இவர்கள் அந்தத் தாமதத்தையே ஆராய்ந்தனர். தசையில் பாஸ்பேட் தனியாக மட்டும் இல்லை; வேறெதனுடனோ தளர்வாகப் பிணைந்தும் இருக்கிறது; சோதனைக் கரைசலின் அமிலத்தில் அப்பிணைப்பு மெல்ல மெல்ல அறுகிறது; அறுபட்ட பாஸ்பேட்தான் பின்னால் நீலத்தைக் கூட்டுகிறது என்று கண்டனர். அப்பொருளே பாஸ்போகிரியேட்டின். 1927இல் இதை அறிவித்தனர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பிலிப் எக்கிள்டன், கிரேஸ் எக்கிள்டன் என்ற கணவனும் மனைவியும் இதே பொருளைத் தனியாகக் கண்டு, பாஸ்பஜன் என்று பெயரிட்டிருந்தனர். ஆனால் அது இன்னதென்று அடையாளம் காட்டியது பாஸ்டன் ஆய்வுக்கூடமே.

இங்கே தாங்கல் கரைசல் மீண்டும் வருகிறது. பாஸ்போகிரியேட்டின் தனிப் பாஸ்பேட்டைவிட வலுவான அமிலம், அதற்குரிய பி.கே. சுமார் 4.5 என்று அளந்தனர். ஆகவே 7ஐ ஒட்டிய தசையின் பி.எச்.சில் அது தன் ஹைட்ரஜனை முழுவதும் விட்டுவிட்ட நிலையில் இருக்கும். தசை வேலை செய்யும்போது அது பிளந்து பாஸ்பேட் வெளிப்படுகிறது. பாஸ்பேட்டின் பி.கே. 6.8 அல்லவா? வெளிப்பட்ட பத்துப் பாஸ்பேட்டுகளில் ஏறக்குறைய நான்கு, சுற்றியுள்ள கரைசலிலிருந்து ஒவ்வொரு ஹைட்ரஜன் அயனியை உடனே பிடித்துக்கொள்ளும். கடும் உழைப்பில் தசையில் அமிலம் மிகுகின்ற அதே வேளையில், அவ்வமிலத்தை வாங்கிக்கொள்ளும் பொருளும் அங்கேயே பிறக்கிறது! நாம் குடுவையில் முன்கூட்டியே கலந்து வைக்கும் தாங்கல், தசைக்குள் தேவைப்படும் கணத்தில் தயாராகிறது. படைத்தவனின் கைத்திறனை வியப்பதற்குப் பெரிய மலைகளையும் கடல்களையும் தேடிப் போக வேண்டியதில்லை. விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடும் சிறுமியின் கால் தசை போதும். அந்த முதல் சில வினாடிகளுக்கான ஆற்றலை வழங்குவதில் பெரும்பங்கு இந்தப் பாஸ்போகிரியேட்டினுடையதே. ஓட்டம் முடிந்து சில நிமிடம் இளைப்பாறினால் அது மீண்டும் நிரம்பிவிடும்.

தசையின் இயக்கத்துக்கு லாக்டிக் அமிலமே மூலம் என்பது அந்நாளைய கொள்கை. தசை பற்றிய ஆய்வுக்கு 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. பாஸ்போகிரியேட்டின் அக்கொள்கையை அசைத்தது. 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்டு, லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி தடுத்த தசையும் சுருங்குகிறது என்று காட்டியபோது அது சாய்ந்தது. இடையில் 1929இல் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தனர், ஜெர்மனியில் லோமனும் அதே ஆண்டில் கண்டார். எல்லா உயிரினங்களிலும் ஆற்றலைக் கைமாற்றும் நாணயம் என்று இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அறியும் அப்பொருள் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டு அவருக்கு நிலையான ஆசிரியப் பதவி தரவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்து பின்னாளில், 1988இல், நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பல ஆண்டு கழித்துப் பிறர் மறுபடியும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், ஃபிஸ்க்கின் பொறாமையால் அவை வெளிவராமற் போயின என்றும் கருதினார். நடந்தது அதுவாயின் வருந்தத்தக்கதே. ஆயினும் ஒரு துளி நீலத்தைக்கூட அலட்சியம் செய்யாத கட்டுப்பாட்டைச் சுப்பாராவ் கற்றது அந்த ஃபிஸ்க்கிடம்தான். குருவிடம் பெற்றதையும் குருவால் இழந்ததையும் ஒருசேரச் சொல்வதே நியாயம். சுப்பாராவ் தம் பங்கைக் குறித்து ஊரறிய வழக்காடியவர் அல்லர்.

1940இல் நியூயார்க் மாநிலத்திலுள்ள பெர்ல் ரிவரில் லெடர்லி நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றார். அங்கே பழைய கடன் ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. பம்பாயில் கருவுற்ற ஏழை ஆலைத் தொழிலாளப் பெண்களைத் தாக்கிய ஒருவகைச் சோகையை, லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் ஈஸ்ட் சாற்றினால் குணப்படுத்தி, 1931இல் எழுதியிருந்தார். ஈஸ்ட்டிலும் ஈரலிலும் உள்ள அந்தப் பொருள் எது? சுப்பாராவின் குழுவினர் ஈரலை வடித்து வடித்து அதைப் பிரித்தனர். 1945இல் செயற்கையாகவே தயாரித்தனர். அதுவே ஃபோலிக் அமிலம். ஸ்ப்ரூ நோயாளிகளும் அதனால் தேறினர். தம் சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து கைக்கு வந்தபோது, அவர்கள் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. இன்று பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை முகம் சுளித்துக்கொண்டு விழுங்குகிறீர்களே, அதில் இந்த ஃபோலிக் அமிலமும் இருக்கிறது.

ஃபோலிக் அமிலத்தை ஒத்த ஆனால் அதற்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரின் என்ற பொருளையும் அவர் குழுவே தந்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் மடிந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிவதை 1948இல் அறிவித்தார். அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் உள்ளது. காரைக்காலின் உப்பில் சேர்ந்த யானைக்கால் மருந்தும் இவ்வாண்டுகளில் வந்ததே. அது காரத்தன்மையுள்ள பொருள். எளிதில் கரைவதற்காக எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்துடன் சேர்த்து உப்பாக்கி வழங்குகிறார்கள் என்பதை வேதியியல் மாணவிகள் குறித்துக்கொள்ளலாம். டக்கர் என்னும் முதிய தாவரவியலாரைக் கொண்டு மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை ஆராயச் செய்ததில், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசின் கிடைத்து, 1948இல் வெளியாயிற்று.

இத்தனை வெற்றிகளுக்கும் ஒரு விலை இருந்தது. அதில் பாதியைக் கொடுத்தவர் சேஷகிரி அம்மையார். சில ஆண்டுகளில் திரும்புவதாகப் போன கணவர் திரும்பவே இல்லை. பிறந்த ஆண் குழந்தையும் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டது. பெரியோர் வரலாறுகளை எழுதுவோர் இதை ஒரு வரியில் தியாகம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்தத் தியாகத்தைத் தானே தேர்ந்தவர் சுப்பாராவ்; அம்மையாரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் மலரில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதங்கள் கடந்த சில நாள்களில், சுப்பாராவ் உறக்கத்தில் மாரடைப்பால் காலமானார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமையை அவர் கடைசிவரை பெறவில்லை. அவருடன் உழைத்தவர்கள் 1953இல், கழிவுநீர் வடிகட்டியில் கண்ட ஒரு பூஞ்சைக்குச் சுப்பரோமைசஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள். இந்திய அரசு 1995இல், அவருடைய நூற்றாண்டில், ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது.